பிளம்பரைக் கூப்பிடாதே, பொறு

அன்பு மச்சான்,

நலம். அம்மாவும் நலம், நாரி நோவு மட்டும் வந்து போகிறது. உன் மாமியின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததாம், அக்கா சொன்னா. உன் பெரியவன் வேலை மாறியதும் அவ சொல்லித்தான் தெரியும். நீ எங்கே சொல்லப் போகிறாய்.

உன் செய்தி முழுக்க நியூ ஜேர்சியின் பனிதான். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: சிங்குக்குக் கீழே கழிவு அரைக்கும் மெசினைப் புதிதாக மாற்றிய பிறகு டிஷ்வொஷரில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, சனிக்கிழமை பிளம்பர் வருகிறான். அதை வாசித்ததும் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். பொறு, கூப்பிடாதே. இந்த விசயத்தில் இப்போது என்னை மிஞ்ச யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஆள் கிடையாது. சிரிக்காதே. விடுதியில் உன் கோப்பையையும் சேர்த்துக் கழுவியவன் சொல்கிறேன்.

லண்டன் அக்கா கொண்டெய்னரில் அனுப்பிய சாமான்களோடு இங்கேயும் ஒரு டிஷ்வொஷர் வந்து இறங்கியது. "அம்மா இந்த வயதில் கிணற்றடியில் குந்தியிருந்து சட்டி பானை கழுவக்கூடாது" என்பது அக்காவின் கட்டளை. அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட், பிளக்கும் அதே மூன்று சதுரக்கால் பிளக். கொழுவியவுடன் ஓடியது. (உன் பழைய மெசினை அனுப்பவா என்று ஒருமுறை கேட்டாயே, அது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே அதற்குள் கோழிதான் அடைகாக்கும்.) அம்மா அதன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. "உதை ஆர் கேட்டது?" என்றதோடு சரி.

கொஞ்சக் காலம் ஒழுங்காய் ஓடிய மெசின் ஒரு நாள் பாதியில் நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் அடியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர், மேலே எண்ணெய்ப்படலம், குசினி முழுக்கப் பழைய சொதி மணம். கரண்ட் போய் வந்ததாக்கும் என்று நினைத்தேன். பாதியில் கரண்ட் போனால் தண்ணீர் நிற்பது வழமைதான், அது பழுது இல்லை. ஆனால் கண்ணாடிப் பலகையில் இ 24 என்று மின்னிக்கொண்டு நின்றது. கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால், கழிவுநீர்க் குழாய் மடிந்திருக்கலாம் அல்லது அடைத்திருக்கலாம் என்று போட்டிருந்தது. அம்மா வாசலில் நின்று ஒரே ஒரு வசனம்: "நான் அப்பவே சொன்னனான்."

இப்போது கவனமாய்க் கேள், உனக்கும் இது உதவும். முதலில் காதால் கேட்க வேண்டும். நிறுத்தும் பட்டனை மூன்று வினாடி அமர்த்திப் பிடித்தால் மெசின் தண்ணீரை வெளியே தள்ளப் பார்க்கும். அப்போது ஒரு சத்தமும் இல்லையென்றால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பம்ப் செத்துவிட்டது. உறுமுகிறது, தண்ணீர் மட்டும் போகவில்லை என்றால் பம்ப் உயிரோடு இருக்கிறது, வழியில்தான் எங்கேயோ அடைப்பு. எங்கள் மெசின் உறுமியது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையால் தண்ணீரை அள்ளி, மிச்சத்தை ஸ்பொஞ்சால் ஒற்றி எடுத்தேன். அடியில் குவளை மாதிரி ஒரு வடி இருக்கும். இடப்பக்கம் திருப்பினால் கையோடு வரும். அதைச் சுற்றித் தட்டையாய் இன்னொரு வலை. மச்சான், அந்த வடிக்குள் இருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சோற்றுக்கஞ்சி காய்ந்து பசையாகி, அதில் கறிவேப்பிலை ஈர்க்கு, முருங்கைக்காய்ச் சக்கை, விளைமீன் செதில். எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்தபடி வெள்ளையாய் ஒரு களிம்பு. பழைய பல்துலக்கியும் சவர்க்காரத் தண்ணீரும் போட்டுத் தேய்த்தேன். கம்பிப் பொச்சால் தேய்க்காதே, வலை கிழிந்துவிடும்.

வடியின் கீழே கிண்ணம் மாதிரி ஒரு குழி. அதன் பக்கத்தில் சின்ன மூடி, அதைக் கிளப்பினால் பம்பின் விசிறி தெரியும். அங்கே விரலை விட முதல் ரோச் அடித்துப் பார். உடைந்த கண்ணாடித் துண்டு வந்து நிற்பதும் அந்த இடத்தில்தான். எங்கள் விசிறியில் சுற்றிக் கிடந்தது பனங்கிழங்கு நார். அதை மெசின் செய்தவன் கனவிலும் கண்டிருக்க மாட்டான். குறட்டால் இழுத்து எடுத்தேன். விசிறி விரலுக்குச் சுழன்றது. வெற்றி என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, பிளக்கைப் போட்டு ஓட்டினால், கொஞ்சத் தண்ணீர் போன மாதிரிப் போய்த் திரும்பி வந்து நிற்கிறது!

அதற்குள் ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. நியூட்டன் வந்தார், எங்கள் பௌதிக வாத்தியார், உனக்குத்தான் தெரியுமே, கையில் பேனாவோடு. குழாயில் வளிமண்டல அமுக்கம் எப்படி வேலை செய்யும் என்று படம் கீறினார், அதுவும் என் மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில். இன்னும் பேப்பர் திருத்துகிற நினைப்பு. பரியாரி வீட்டு மாமி விநாகிரி ஊற்றச் சொன்னா. கட்டையன் பிளீச் ஊற்றச் சொன்னான். இரண்டையும் சேர்த்தே ஊற்றுவோம் என்று ஒரு சமாதானத் திட்டமும் வந்தது. அங்கே எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. பிளீச்சும் விநாகிரியும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டின குசினிக்குள் அது விளையாட்டு இல்லை. அடைப்பெடுக்கும் கோஸ்ரிக் மருந்தும் வேண்டாம். அது மெசினுக்குள் கிடக்கிற ரப்பரைத் தின்னும், பிறகு குழாயைக் கழற்றுகிறவன் கையையும் சுடும். நீயும் உன் குளியலறை அலுமாரியைத் திறக்காதே.

கடைசியில் நீர்ப்பம்பும் வொஷிங் மெசினும் திருத்துகிற ஒரு பொடியனை வரச் சொன்னேன். வந்தவன் மெசினைத் தொடவே இல்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தான். "ஐயா, உந்த ஹோஸ் எங்க போகுது?" என்றான். மெசினைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் சுவரில் ஓட்டை போட்டு, தோட்டத்து ஹோஸ் ஒன்றை நீட்டிக் கட்டி, நேரே வாழைப் பாத்தியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இங்கே குசினித் தண்ணீர் வாழைக்குத்தானே போகும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பொடியன் நீட்டின ஹோஸைக் கழற்றி, மெசினின் சொந்தக் குழாயை ஒரு வாளிக்குள் பிடித்துப் பட்டனை அமர்த்தினான். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. மெசினில் ஒரு குறையும் இல்லை! நோய் முழுக்க வளவுக்குள் கிடந்தது.

தோட்டத்து ஹோஸைக் கத்தியால் வெட்டிக் காட்டினான். உள்ளே மெழுகுதிரி வார்த்த மாதிரி வெள்ளையாய் அடைத்துக் கிடந்தது, நடுவில் ஊசித்துளை அளவுக்குத்தான் வழி. யோசித்துப் பார்த்தால் அதிசயம் ஒன்றும் இல்லை. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கிட்ட வந்தால் உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் போத்தலுக்குள் கட்டியாய் நிற்பதை நீ மறந்திருக்க மாட்டாய். மெசினிலிருந்து சூடாய்ப் போகிற கொழுப்பு அந்த நீளக் குழாய்க்குள் ஊர்ந்து போவதற்குள் ஆறிவிடுகிறது. அதோடு எங்கள் கிணற்றுத் தண்ணீர். வற்றாத ஆறில்லாத ஊர், முழுத் தண்ணீரும் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் வெள்ளைச் செதில் கட்டும் அதே சுண்ணாம்பு கொழுப்போடு சேர்ந்தால் கரையாத ஒரு பசையாகிவிடும், சவர்க்காரம் நுரைக்காமல் திரிகிற மாதிரி. வடிக்குள் நான் கண்ட களிம்பும் அதுதான். லண்டன் மெசின்களில் இதற்கென்றே உப்புப் போடும் ஒரு அறை இருக்கிறது. உள்ளே இருக்கிற பிசின் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், உப்பு அந்தப் பிசினைக் கழுவிவிடும். அக்கா அனுப்பிய உப்புப் பெட்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஆனையிறவு உப்பைப் போடலாமே என்றால், கடலுப்பில் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே வரும், பிடிக்க வேண்டிய சாமானையே உள்ளே போடுவதாகிவிடும். உப்பு விளைகிற ஊரில் இருந்துகொண்டு உப்புக்கு லண்டனைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் முடித்துக் கை கழுவிக்கொண்டு பொடியன் கேட்டான், "வீட்டில எத்தினை பேர், ஐயா?" இரண்டு பேர் என்றேன். "உது பதின்மூண்டு பேருக்கு அடிச்ச மெசின்."

அவன் சாதாரணமாய்த்தான் சொன்னான். நானும் அம்மாவும் சாப்பிடுகிற கோப்பையும் கறிச்சட்டியும் சேர்ந்து அதை நிரப்ப நாட்கள் ஆகும். நிரம்பட்டும், தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று அம்மா ஓட்ட விடுவதில்லை. அதற்குள் கஞ்சியும் குழம்பும் காய்ந்து கல்லாகிவிடும். பிறகு ஓட்டும்போது கரையாமல் பொருக்கு பொருக்காய்க் கழன்று வடியை அடைக்கும். அடைப்பு அங்கேதான் தொடங்குகிறது. நீ வந்து நின்ற காலத்தில் இதே குசினியில் ஐயா, அம்மம்மா, சித்தப்பா வீடு, நாங்கள் ஐந்து பேர், திருவிழா என்றால் எண்ணிக்கையே இல்லை. பந்தி முடிய முதல் கோப்பைகள் கழுவி அடுத்த பந்திக்கு வந்துவிடும். அப்போது இந்த மெசின் இருந்திருந்தால் ஒரு நாளும் அடைத்திருக்காது, மச்சான். ஆட்கள் எல்லாம் வெளியில், மெசின் மட்டும் உள்ளே. இதை அக்காவுக்கு எழுதவில்லை. அவ அழுதால் பிறகு இன்னொரு மெசின் வரும்.

சரி, கதை இன்னும் முடியவில்லை. ஹோஸைத் தேடிப் போன இடத்தில் அம்மாவின் வழக்கு வேறு கிளம்பிவிட்டது. ஹோஸ் வாயில் நின்ற இதரை வாழைகளின் இலைக்கரை முழுக்கக் கருகிப் பழுப்பாய் நிற்கிறது. அம்மா மாதக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தா, வாழைக்கு நோய் என்று. நோய் இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் சாம்பலும் பொச்சும் போட்டு மினுக்கின தண்ணீர் வாழைக்கு எருவாய்ப் போனது. இந்த மெசினுக்குப் போடுகிற சவர்க்கார வில்லையில் பாதி சோடா, அதோடு பிசினைக் கழுவிய உப்புத் தண்ணீர். சோடியம் வாழைக்கு ஆகாது. ஒரு முறை ஓடினால் ஒரு பெரிய வாளி அளவு, பத்து லீற்றர்தான் வெளியே வரும். ஆனால் ஒரே இடத்தில் ஊற்றினால் மண் தாங்குமா?

ஊறுகுழி ஒன்று வெட்டுவோம் என்றேன். அம்மா கிணற்றைக் காட்டினா. நியாயம்தான். கீழே வெடிப்பும் பொந்துமாய்க் கிடக்கிற சுண்ணக்கல். மேலே விட்டது எந்த வழியால் போய் எவன் கிணற்றில் ஏறும் என்று யார் கண்டது? தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறந்தார்கள். இருந்தும் இந்த வீட்டில் குடிப்பது கிணற்றுத் தண்ணீர்தான், அம்மா இருக்கும் மட்டும் அது மாறாது. கடைசியில் அவதான் தீர்ப்புச் சொன்னா: கோடிப்புறத்துத் தென்னைகளுக்கு விடு, உப்புக் காற்றில் நிற்கிற சாதி, தாங்கும். கிணற்றுக்கும் அது தூரம். ஆனால் பம்ப் அவ்வளவு தூரம் தள்ளாது. அதனால் இப்போது மெசினின் குழாய் சிங்கின் விளிம்பு மட்டத்துக்கு ஏறி இறங்கி ஒரு வாளிக்குள் விழுகிறது. வாளியை நான் தூக்கிப் போய் ஒவ்வொரு முறையும் வேறு தென்னைக்கு ஊற்றுகிறேன். கோப்பை கழுவுகிற வேலை மிச்சம், வாளி தூக்குகிற வேலை புதிது. அம்மாவுக்கு இதில் உள்ள திருப்தியை முகத்தில் பார்க்க வேண்டும்.

இனி உன் வைத்தியம். தண்ணீர் நிற்கத் தொடங்கியது அரைக்கும் மெசினை மாற்றிய பிறகுதானே? அதன் பக்கத்தில் டிஷ்வொஷர் ஹோஸ் பொருந்துகிற மூக்கு ஒன்று இருக்கும். புதிதாய் வருகிறவற்றில் அந்த மூக்குக்குள் ஒரு மூடி அடைத்தபடி வரும். பூட்டுகிறவன் அதைத் தட்டி எடுக்காமல் ஹோஸை மாட்டினால் ஒரு துளி போகாது. பிரேக்கரை நிறுத்து. ஹோஸைக் கழற்று, கீழே வாளி வை. மூக்குக்குள் ரோச் அடி. மூடி இருந்தால் திருப்புளியை வைத்துச் சுத்தியலால் மெதுவாய்த் தட்டு. உள்ளே விழுகிற அந்த மூடியைக் குறட்டால் எடுத்த பிறகுதான் பிரேக்கரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் அதையும் அரைக்கப் போய் இன்னொரு மெசின் வாங்குவாய். மூடி இல்லையென்றால் ஹோஸ் எங்கே மடிந்திருக்கிறது என்று பார். அதை அலுமாரிப் பலகையின் அடிமட்டம் வரை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்றும் பார். தரையிலேயே கிடந்தால் சிங்குத் தண்ணீர் உன் கோப்பைகளுக்குள் திரும்பி வரும். வடியைக் கழுவியிருப்பாய் என்று நம்புகிறேன். உன்னைத் தெரிந்தவன் என்பதால் சந்தேகமும் இருக்கிறது.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருவதாய் மூன்றாவது வருசமாகச் சொல்கிறாய். வந்தால் லண்டனில் இறங்கி அக்காவிடம் இரண்டு பெட்டி உப்பு வாங்கிக்கொண்டு வா. உங்கள் ஊர் மெசின்கள் பெரும்பாலானவற்றில் அந்த அறையே இல்லை, அங்கே தேடி அலையாதே. பலாலி விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்க்கிறவன் யாழ்ப்பாணத்துக்கு உப்பா என்று கேட்டால் நியூட்டனின் படத்தைக் காட்டு, நான் அனுப்பி வைக்கிறேன்.

சனிக்கிழமைக்கு முதல் மூக்கைப் பார்த்துவிட்டு எழுது. பிளம்பருக்குக் கொடுக்க இருந்த காசை அம்மாவின் வாழைக் கணக்கில் போடு. புதுக் குட்டிகள் வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்