குற்றவாளி ஸ்பேஸ் பார்

கோத்தகிரி,
ஐப்பசி, விடாத மழை.

மாப்ள,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதை எல்லாம் சேர்த்து வை, நேரில் வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். பச்சைத் தேயிலை விலையை மட்டும் கேட்காதே. நம் சிநேகிதன் கிளட்ச்சுக்கு அதே ஜீப், அதே சத்தம். அம்மாவுக்குப் படி ஏறினால்தான் முழங்கால் வலியாம். கோத்தகிரியில் படி இல்லாத வீடு எங்கே இருக்கிறது, சொல்லு.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போலீஸ் துரத்தும் அந்தப் பழைய கார் கேம் 'டிரைவர்', அதன் தொடக்கத்தில் வரும் கராஜ் சோதனையைத் தாண்ட முடியாமல் இருபத்தைந்து வருஷமாக நீ ஒரே பாட்டுப் பாடுகிறாய்: "கேம் ஏமாத்துது." இப்போது பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கி, உன் மகளும் அதே கராஜில் மாட்டிக்கொண்டு அதே பாட்டைப் பாடுகிறாள் என்று எழுதியிருந்தாய். கேம் ஏமாற்றவில்லை. உன் கையும் குற்றவாளி இல்லை (இதை நான் ஒப்புக்கொள்வது இதுவே முதலும் கடைசியும்). ஏமாற்றியது கீபோர்டு.

ஹேண்ட்பிரேக்கை நீ ஸ்பேஸ் பாரில்தானே வைத்திருந்தாய்? மேல் அம்பு ஆக்ஸிலேட்டர், இடது அம்பு ஸ்டியரிங், ஸ்பேஸ் பார் ஹேண்ட்பிரேக். சாதாரண கீபோர்டைக் கழற்றினால் உள்ளே பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். அதில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அச்சடித்திருக்கும். ஒவ்வொரு விசையும் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் சந்திக்கும் இடம். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், நான்காவது மூலையும் அழுந்தியதா இல்லையா என்று உள்ளே இருக்கும் சிப்புக்குத் தெரியாது. தெரியாத வம்பு எதற்கு என்று அது மூன்றாவது விசையையே விழுங்கிவிடும். மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் இந்த மூன்றும் பல மலிவு கீபோர்டுகளில் இப்படித்தான் மோதிக்கொள்ளும். வலது பக்கம் வேலை செய்யும், இடது பக்கம் செய்யாது. "லெஃப்ட்ல திரும்பினாதான் பிரேக் பிடிக்க மாட்டேங்குது" என்று நீ கத்துவாயே, நினைவிருக்கிறதா? நாங்கள் சிரித்தோம். மன்னிச்சுக்கோ.

சோதித்துப் பார்ப்பது சுலபம். அந்தக் கீபோர்டை இப்போதைய லேப்டாப் எதிலாவது மாட்டு. பழைய வட்டப் பின் என்றால் யூஎஸ்பிக்கு மாற்றும் கன்வர்ட்டர் வேண்டும். விண்டோஸின் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திற. மேல் அம்பையும் இடது அம்பையும் பிடித்தபடி ஸ்பேஸைத் தட்டு. திரையில் ஸ்பேஸ் பார் ஒளிரவில்லை என்றால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். கேபிளை மாற்றியோ கன்வர்ட்டரை மாற்றியோ இது சரியாகாது. கோளாறு கீபோர்டுக்குள்ளேயே.

சரிசெய்யக் காசு செலவில்லை. ஹேண்ட்பிரேக்கை இடது கன்ட்ரோல் விசைக்கு மாற்றச் சொல். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றுக்கும் பெரும்பாலும் தனிக் கோடு இருக்கும், மற்ற விசைகளோடு மோதாது. ஷிஃப்ட் வேண்டாம். ஐந்து தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்டு விண்டோஸ் நடுவில் எட்டிப்பார்க்கும், போலீஸ் காத்திருக்க மாட்டான். ஆல்ட்டும் வேண்டாம். கன்ட்ரோலுக்குப் பக்கத்தில் இருக்கும் விண்டோஸ் விசையில் மட்டும் சுண்டுவிரல் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். பட்டால் கேம் கீழே போய்விடும். வீட்டில் கேம்பேட் இருந்தால் இந்த வம்பே இல்லை, ஆனால் நீ வாங்கித் தருவாய் என்று நான் நம்பவில்லை.

இனி கராஜ். 60 வினாடி, ஒன்பது வேலை: பர்ன்அவுட், ஹேண்ட்பிரேக், ஸ்லாலம் (தூண்களுக்கு நடுவே நெளிவது), 180 (அரைச் சுற்று), 360 (முழுச் சுற்று), ரிவர்ஸ் 180 (பின்னோக்கி வந்து அரைச் சுற்று), ஸ்பீடு, பிரேக் டெஸ்ட், லேப் (கராஜை ஒரு வலம்). எல்லோரும் செய்யும் தப்பு, பட்டியலை மேலிருந்து கீழே வரிசையாகச் செய்யப் பார்ப்பது. வரிசை முக்கியமே இல்லை. செய்ததும் அடித்துக்கொண்டே போகும், அவ்வளவுதான். அதனால் ஒன்றின் முடிவில் அடுத்தது தொடங்கும்படி கோர்க்க வேண்டும். கிளம்பும்போதே பர்ன்அவுட் விசையோடு டயரைத் தேய்த்துக் கிளம்பு. அதே ஓட்டத்தில் நீள வாட்டில் வேகம் பிடி, அது ஸ்பீடு. சுவர் வருவதற்குள் சாதா பிரேக்கை அழுத்தி நில், அது பிரேக் டெஸ்ட். இப்போது மூக்கு சுவரைப் பார்க்கிறதா? வேறு எங்கும் போகாதே, அங்கிருந்தே ரிவர்ஸில் வேகமாக வந்து ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, வண்டி பாதி சுற்றும்போது முன்னோக்கி மாறு. ரிவர்ஸ் 180 முடிந்தது, வண்டியும் போக வேண்டிய பக்கம் பார்த்து நிற்கும். லேப் அடிக்கும்போது மூலையில் ஒரு தட்டுத் தட்டினால் ஹேண்ட்பிரேக்கும் அதிலேயே அடங்கும்.

360க்கு வேகம் வேண்டாம். கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பர்ன்அவுட்டை அழுத்தினால் பின்பக்கம் தானாகச் சுற்றும். ஓடிக்கொண்டே 360 போடப் பார்ப்பவர்கள்தான் தூணைக் கட்டிப்பிடிக்கிறார்கள். ஸ்லாலத்தில் தோற்பவர்கள் எல்லோரும் வேகத்தால்தான் தோற்கிறார்கள். தூண்களுக்கு நடுவே இடம் வலம் இடம் என்று நெளியும்போது, ஒரு தூணைத் தாண்டிய பிறகு அடுத்த பக்கம் ஒடித்தால் தாமதம். மூக்கு தூணுக்கு நேராக வரும்போதே அடுத்த ஒடிப்பைத் தொடங்க வேண்டும். அந்த வண்டிகளின் ஸ்பிரிங் மெத்தை மாதிரி. ஒரு பக்கம் சாய்ந்த எடை மறுபக்கம் வந்து சேர நேரமாகும், அந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த கேமே அந்தச் சாய்வுதான், மாப்ள. 1999ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் இருந்த ரிஃப்ளெக்ஷன்ஸ் என்ற கம்பெனி செய்தது. அதற்கு முன் அவர்கள் செய்தது டிஸ்ட்ரக்ஷன் டெர்பி, காரை நசுக்குவதில் கை தேர்ந்தவர்கள். அந்தக் காலத்து ரேஸ் கேம்கள் பலவற்றில் கார் தண்டவாளத்தில் போவது போலப் போகும். இதில் பிரேக் போட்டால் மூக்கு குத்தும், கிளம்பினால் பின்பக்கம் உட்காரும், வேகமாக ஒடித்தால் வீல் கப் கழன்று தனியாக உருண்டு ரோட்டோரம் போய் விழும். அந்த வீல் கப்புக்காகவே ரீப்ளேயை நிறுத்திப் பார்க்கலாம். ரீப்ளேயை வெட்டி ஒட்ட கேமிலேயே இருக்கும் ஃபிலிம் டைரக்டரில் போய் கேமராவை ரோட்டு மட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொல்.

கராஜைத் தாண்டி கேமின் முதல் ஊரான மயாமிக்கு வந்ததும் அவள் அடுத்த தப்பைச் செய்வாள்: ஓடிப் பார்ப்பாள். நேர்ச் சாலையில் போலீஸைத் தோற்கடிப்பது வீண் ஆசை. அந்த ஊர்கள் எல்லாமே கட்டம் கட்டமான தெருக்கள், திருப்பம் என்றால் 90 டிகிரி. தப்பிப்பது திருப்பத்தில்தான். திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆக்ஸிலேட்டரை விடு, ஒடி, ஹேண்ட்பிரேக்கை ஒரு தட்டு. மூக்கு தெருவுக்குப் பாதி திரும்பியதுமே பிரேக்கை விட்டுவிட வேண்டும், மீதியை வண்டியின் எடையே திருப்பிக்கொள்ளும். முழுசாகத் திரும்பும் வரை பிடித்திருந்தால் அது 180 ஆகி, துரத்தும் போலீஸுக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்பாள். எதிரே போலீஸ் நேராக மோத வந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல சகுனம். கடைசி நொடியில் பக்கத்துச் சந்துக்குள் ஒடித்தால், அவன் வந்த வேகத்துக்கு நேரே போய்விடுவான். பின்னால் இன்னொருவன் வந்தால் இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள்.

திரையில் இரண்டு பட்டைகள் இருக்கும், ஒன்று டேமேஜ் (வண்டியின் சேதம்), ஒன்று ஃபெலனி (உன் குற்றக் கணக்கு). ஃபெலனி ஏறுவது போலீஸ் பார்க்கும்போது செய்யும் தப்புக்கு மட்டும்தான். யாரும் பார்க்காத தெருவில் சிக்னலைத் தாண்டினால் கேட்பாரில்லை. (நம் ஊர் மாதிரியே என்று நீ சொல்வாய். சொல்லாதே.) அது ஏற ஏறப் போலீஸ் மூர்க்கமாவான், சாலையை மறித்து வண்டிகளை நிறுத்துவான். ஆகவே போலீஸ் பக்கத்தில் இருக்கும்போது சமர்த்தாக, சிவப்பு விளக்கில் நின்று போவதுதான் சீக்கிரம் போய்ச் சேரும் வழி. சான் ஃபிரான்சிஸ்கோ வந்ததும் மேடுகளில் பறக்கத் தோன்றும். காற்றில் இருக்கும்போது ஸ்டியரிங்குக்கு வேலையில்லை. உச்சிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேராக வைத்துத்தான் தாண்ட வேண்டும். துரத்தலுக்குப் பழக சர்வைவல் மோட் போதும், எத்தனை நொடி தாக்குப்பிடிக்கிறாள் என்று பார். நியூயார்க்கில் ஜனாதிபதியைக் கூட்டிப்போகும் கடைசி மிஷன் பற்றி இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். சின்னப் பெண், நிம்மதியாக இருக்கட்டும்.

பழைய பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் எனக்குக் கவலை. அதைவிட அந்த சிடி. நம் மலை ஈரத்தில் பூசணம் பிடிக்காத பொருள் ஏது? சிடியைச் சட்டையில் வட்டமாகத் துடைக்கிற உன் பழக்கத்தை விடு. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர் கோடாகத் துடைக்க வேண்டும். வட்டக் கீறல் தடத்தோடு ஓடி, தொடர்ந்து நிறையத் தகவலைக் கெடுத்துவிடும், குறுக்குக் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். இன்னொன்று, படம் அச்சடித்த பக்கம்தான் நோஞ்சான். அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, மேலே வெறும் வார்னிஷ். அங்கே கீறினால் பளபளப்புத் தகடே போய்விடும், பிறகு பாலிஷ் போட்டும் பயனில்லை. இந்த மழை முடிவதற்குள் இம்ஜ்பர்ன் என்ற மென்பொருளை வைத்து ஐஎஸ்ஓ (சிடியின் முழு நகல் ஃபைல்) எடுத்து இரண்டு இடத்தில் வை.

புது லேப்டாப்பில் ஓட்ட ஆசைப்பட்டால் இரண்டு இடத்தில் முட்டும். அந்தக் காலத்து செட்டப் ஃபைல்கள் சில 16 பிட், 64 பிட் விண்டோஸ் அவற்றைத் திறக்கவே திறக்காது. அடுத்தது கிராஃபிக்ஸ். பழைய கேமின் கிராஃபிக்ஸைப் புது விண்டோஸுக்குப் புரிய வைக்க டிஜிவூடூ2 என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எம்எஸ் ஃபோல்டருக்குள் எக்ஸ்86ல் இருக்கும் டிடிரா, டி3டிஇம் என்ற இரண்டு டிஎல்எல்களை கேமின் ஃபோல்டரில் போட்டு, அதன் கன்ட்ரோல் பேனலில் விகிதம் மாறாமல் பெரிதாக்கும் அமைப்பை வை, இல்லாவிட்டால் கார்கள் ரோடு ரோலர் மாதிரி அகலமாகத் தெரியும். வாட்டர்மார்க்கையும் எடுத்துவிடு. முடியவில்லை என்றால் பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கும் 86பாக்ஸ் மென்பொருளில் விண்டோஸ் 98ஐயே ஏற்றி ஓட்டலாம், ஆனால் அதற்கு நல்ல பிராசஸர் வேண்டும்.

ஒரு விஷயம் விளையாட்டில்லை. அவள் லைசன்ஸ் எடுத்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அந்த கேமில் கை பழகியவர்களுக்கு ஹேண்ட்பிரேக் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிடும். வத்தலக்குண்டு மலை ரோட்டில் அந்தக் கை நீளக்கூடாது. உன் வண்டி முன்சக்கர இழுவை, ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. ஈரத் திருப்பத்தில் இழுத்தால் பின்பக்கம் பள்ளத்துப் பக்கம்தான் போகும். ஏறின கியரிலேயே இறங்கட்டும். காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே இறங்கினால் கருகல் வாசனை வரும், பிறகு பெடல் மெத்தென்று உள்ளே போகும். வாசனை வந்தவுடனே ஓரம் கட்டி ஆற விடச் சொல், தண்ணீர் ஊற்றக்கூடாது, சூட்டில் டிஸ்க் கோணிவிடும். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போதும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் எங்கள் கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவு, வெளி மாவட்ட வண்டிகளை இறங்க விடுவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் அந்த வளைவுக்குப் போய் நின்றிருக்கிறோம்.

கன்ட்ரோல் விசைக்கு மாற்றிய பிறகு எத்தனையாவது முயற்சியில் கராஜைத் தாண்டினாள் என்று உடனே எழுது. பத்துக்குள் என்றால் கிளட்ச் எனக்கு ஊட்டி வறுக்கி வாங்கித் தர வேண்டும், பந்தயம் கட்டியிருக்கிறான். அவளுக்கு முன்னால் நீ உட்கார்ந்து கெடுக்காதே. ஐஎஸ்ஓ எடுத்ததும் அந்தப் பழைய கீபோர்டை எனக்கு அனுப்பிவிடு, கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்பேஸ் பாருக்கு அடியில் 1999ம் வருஷத்து மிக்ஸர் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உன்,
கோத்தகிரிக்காரன்