தக்காளி விலையும் ரெப்போ வட்டியும்

மும்பை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சின்னவள் காதுகுத்துக்கு வர முடியாமல் போனது இன்னும் மனதை உறுத்துகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் நீ கடைசியில் கேட்டிருந்த கேள்வி: "ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் ஒட்டன்சத்திரம் மண்டியில் தக்காளி விலை எப்படி இறங்கும்?" நான்கு ஆண்டுகளாக இந்த முனைவர் பட்ட ஆய்வோடு மல்லுக்கட்டுகிறேன். என் நெறியாளர்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

இறங்காது, செல்வம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.5 வரை ஏற்றினார்கள். அப்படியும் 2023 ஜூலையில் தக்காளி எகிறியதை நீ மண்டியில் உட்கார்ந்தே பார்த்தாய். நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதமானது. ஆகஸ்டில் கூடிய பணக் கொள்கைக் குழு, ரெப்போவை முடிவுசெய்யும் ரிசர்வ் வங்கிக் குழு அது, வட்டியை மாற்றவில்லை. புதுக் காய் வரத்து தொடங்கியதும் விலை சரிந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 5.02 சதவீதம்.

பிறகு வட்டி எதற்கு? தக்காளி ஏறியதும் ஓட்டல்காரர் சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் கூட்டுகிறார். தக்காளி இறங்கிய பிறகும் அந்தப் பத்து ரூபாய் இறங்குவதில்லை. அதைப் பார்த்துக் கூலி, கூலியைப் பார்த்து வாடகை. விலை இனி ஏறிக்கொண்டேதான் போகும் என்று ஊரே நம்பத் தொடங்குமே, அந்த நம்பிக்கையைத்தான் வட்டி தடுக்கப் பார்க்கிறது. பணவீக்கத்தை அளக்க 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டின் பொருள் கூடையில் உணவு, பானங்களின் பங்கு மட்டும் 45.86 சதவீதமாக இருந்தது. கூடையில் ஏறக்குறைய பாதி மழையை நம்பியிருக்க, பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரண்டு புள்ளி கூடக்குறைய, நிறுத்த வேண்டும் என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தி இலக்கு வைத்தார்கள். அது சரியென்றே நினைக்கிறேன். விலைவாசி கட்டுமீறினால் முதலில் அணைவது அன்றாடங்காய்ச்சியின் அடுப்புதான்.

என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. அந்த வட்டி யார் வீட்டு வாசல் வரை போகிறது? 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. மாற்றம் மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும். உன் மண்டி வாசலில் கீரை விற்கும் அக்காவோ தண்டலுக்கு வாங்குகிறார். கையில் 9,000, நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. ரெப்போ 4 ஆக இருந்தபோதும் 6.5 ஆனபோதும் அவருக்கு அதே நூறு ரூபாய்தானே? என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் இதுதான்.

தரவு கிடைப்பதுதான் பெரும்பாடு. பணக் கொள்கைக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. குடும்பங்கள் யாரிடம், என்ன வட்டிக்கு வாங்குகின்றன என்று கேட்கும் தேசியக் கணக்கெடுப்பு 2003, 2013, 2019 என்று எப்போதோ ஒருமுறை வருகிறது. போன ஆண்டு, எட்டு மாதம் உழைத்துக் கட்டிய பொருளாதாரக் கணக்கு மாதிரி ஒன்றைத் தூக்கி எறிந்தேன்; தண்டல் வட்டிக்கு அதில் இடமே இல்லை. ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று அழுதபோது, "ஒரு வெள்ளாமை போனதற்குக் காட்டை விற்பார்களா?" என்று போனில் அதட்டினாயே, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. உன் அப்பா விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து எழுதிவைத்த பேரேடுகள் பரணில் இருக்கின்றன அல்லவா? யாருக்கு, என்றைக்கு, எவ்வளவு, காயாகக் கழித்தாரா பணமாக வாங்கினாரா, எல்லாம் அதில் இருக்கும். பெயர் ஒன்றுகூட வெளியே வராது. அப்பாவிடம் கேட்டுச் சொல். தை பிறந்ததும் வருகிறேன். அதுவரை கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
கதிர்