'சதி சுலோசனா'வுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னிந்தியாவின் முதல் பேசும் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். தமிழின் 'காளிதாஸு'க்கும் தெலுங்கின் 'பக்த பிரகலாதா'வுக்கும் தாராளமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், கன்னடத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழச்சி நான். மனசு கேட்கவில்லை.

கன்னடத்தின் முதல் பேசும் படமான 'சதி சுலோசனா' 1934 மார்ச் 3 அன்று பெங்களூர் சிட்டி மார்க்கெட் பக்கம் இருந்த பாரமவுண்ட் தியேட்டரில் வெளியானது. இயக்கியவர் ஒய்.வி. ராவ். அவர் நமக்கு அந்நியரா? மூன்றே வருடத்தில் தியாகராஜ பாகவதரை வைத்து 'சிந்தாமணி' எடுத்தவர். நடிகை லட்சுமியின் அப்பா. சுலோசனாவில் அவரே லட்சுமணனாகவும் வந்தார். சமன்லால் டூங்காஜி என்ற மார்வாடி வியாபாரி பணம் போட, கோலாப்பூர் சத்ரபதி ஸ்டுடியோ வரை போய் எடுத்திருக்கிறார்கள். இந்திரஜித்தாக சுப்பையா நாயுடு, ராவணனாக நாகேந்திர ராவ், இருவருமே நாடக மேடையில் ஊறியவர்கள். இந்திரஜித்தின் மனைவி சுலோசனாவாக திரிபுராம்பா. வசனமும் பாட்டும் பெள்ளாவே நரஹரி சாஸ்திரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலில் எடுக்க ஆரம்பித்த கன்னடப் படம் 'பக்த துருவா'தான். ஆனால் சுலோசனா முந்திக்கொண்டு திரைக்கு வந்துவிட்டாள். அதனால் 'பக்த துருவா'வைப் பற்றி இன்று பேசுவார் அதிகம் இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

அப்புறம், 1936-ல் வந்த 'சம்சார நௌகா'. புராணத்தை விட்டு, குடும்பக் கதை சொன்ன முதல் கன்னடப் படம். பின்னாளில் நமக்குக் கட்டபொம்மனையும் கர்ணனையும் தந்த பி.ஆர். பந்துலு நடிகராகத் திரைக்கு வந்தது இதில்தான். எம்.வி. ராஜம்மாவுக்கும் இதுவே முதல் படம். இவர்களைத் தமிழ்ப் படங்களில் பார்த்தே வளர்ந்த நாம், அவர்கள் தொடங்கிய இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போவது நியாயமா?

'சதி சுலோசனா'வின் பிரதி இன்று இல்லை. மிஞ்சக்கூடியது பாட்டுப் புத்தகமும் நோட்டீஸும் போட்டோவும்தான். அந்தக் காலத்துக் காகிதம் எதுவாவது பரணில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதும்படி வாசகர்களிடம் கேளுங்கள். கட்டுரையின் அடுத்த பகுதியில் கன்னடத்துக்கு ஒரு முழுப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெங்களூரு