ரோட்ரிகஸ் தோற்றுப் போனவர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பில் அமெரிக்க ஃபோக் ராக் பாடகர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகையில் அவருக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் அவரை இசையில் தோற்று, கூலி வேலைக்குப் போய், முதுமையில் அதிர்ஷ்டம் அடித்த ஒரு பரிதாபமான மனிதராகவே காட்டியிருக்கிறார். கோலாலம்பூரில் பழைய வீடுகளை உடைத்துப் புதுப்பிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் எனக்கு அந்தச் சித்திரம் உறுத்துகிறது. ரோட்ரிகஸ் செய்ததும் இதே வேலைதான்.

அவர் 1942 ஜூலை 10ஆம் தேதி டெட்ராய்ட் நகரில் பிறந்தார். கார்த் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர் அது. பிழைப்புத் தேடி மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்தில் ஆறாவது பிள்ளை. மூன்று வயதில் தாயை இழந்தவர். மதுக்கூடங்களில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடிய இளைஞரை இரண்டு இசைத் தயாரிப்பாளர்கள் கண்டெடுத்தார்கள். 1970இல் ‘கோல்டு ஃபேக்ட்’ என்ற இசைத்தட்டு வந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் பதிவான ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ வந்தது. அமெரிக்காவில் இரண்டுமே விலைபோகவில்லை; இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைவிட்டது. இதுவரை கட்டுரையில் குறையில்லை.

அதற்குப் பிறகுதான் தடம் மாறுகிறது. அவர் வீடு உடைக்கப் போனதை வீழ்ச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாடல்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பாருங்கள். அள்ளப்படாத குப்பை, குற்றக் கணக்கை மறைக்கும் மேயர், வேலை போனவனின் வீடு, போதைப் பொருள் விற்கும் தெரு என்று அந்த வரிகளில் இருப்பதெல்லாம் உழைக்கும் மக்கள் குடியிருக்கும் ஊர். அவர் அந்த ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. 1976இல் அரசாங்க ஏலத்தில் 50 டாலருக்கு ஒரு பாழடைந்த வீட்டை வாங்கி, பல பத்தாண்டுகள் அதிலேயே வாழ்ந்தார். வேலை செய்துகொண்டே படித்து 1981இல் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பட்டம் பெற்றார். நகரமன்றத்துக்கும் மேயர் பதவிக்கும் போட்டியிட்டார். வென்றதில்லை. ஆனாலும் தம் தெருவுக்காகத் திரும்பத் திரும்ப நின்றார். தோற்று ஒடுங்கியவன் செய்கிற காரியமா இது?

வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். செந்தூல் பக்கத்துப் பழைய வரிசை வீடு ஒன்றில் சுவரை உடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சம்மட்டியைத் தூக்கியதும் அடித்துவிட முடியாது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் சுவரின் சத்தம் ஓரிடத்தில் மாறும். உள்ளே குழாயோ மின்கம்பியோ ஓடக்கூடும் என்று அர்த்தம். முதலில் அந்த இடத்தில் மட்டும் உளியால் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். எந்தச் சுவர் மேல்மாடியின் பாரத்தைத் தாங்குகிறது என்று தெரியாமல் ஒரு கல்லைக்கூட உருவக்கூடாது. மாலையில் தலைமுடியிலிருந்து உள்ளாடைவரை சிமெண்டுத் தூள் இருக்கும். ரோட்ரிகஸ் இந்த வேலைக்கு மாலை விருந்துக்கு அணியும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்ததை அவரோடு உழைத்த ஒருவர், அவரைப் பற்றிய ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ ஆவணப்படத்தில் சொல்கிறார். ஒரு வழிபாட்டைப் போல அந்த வேலையை அவர் மதித்தார் என்றும் சொல்கிறார். இந்த ஒரு செய்தியைச் சேர்த்திருந்தால் கட்டுரையின் நிறமே மாறியிருக்கும். விட்டுவிட்டீர்களே என்று வருந்துகிறேன்.

இன்னொரு விடுபடலும் உண்டு. 1998இல் தென்னாப்பிரிக்கா அழைக்கும்வரை உலகில் யாருக்கும் அவரைத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் 1979இலேயே ஆஸ்திரேலியாவில் ஊர் ஊராகப் பாடியிருக்கிறார். 1981இல் மிட்நைட் ஆயில் என்ற அந்நாட்டு ராக் இசைக்குழுவுடன் மறுபடியும் போனார். 2012இல் மாலிக் பெஞ்செல்லூல் எடுத்த அந்த ஆவணப்படம் இந்தப் பயணங்களைச் சொல்லாமல் விட்டது, அப்போதே பலர் அதைக் குறையாகச் சொன்னார்கள். படத்தை மட்டும் பார்த்து எழுதியதால் அந்தக் குறை உங்கள் பக்கத்துக்கும் வந்துவிட்டது.

தென்னாப்பிரிக்கக் கதையை நீங்கள் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். நிறவெறி ஆட்சியில் அரசு வானொலியின் இசைத்தட்டில் ஒரு பாட்டின் தடத்தையே கூரிய கருவியால் கீறி வைத்தார்கள். அப்படியும் அந்தப் பாட்டுகள் வீட்டுக்கு வீடு ஒலித்தன. அவர் மேடையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று ரசிகர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1997இல் அவர்கள் இணையத்தில் தேடுவதை மகள் பார்த்துத் தொடர்பு கொண்டார், மறு ஆண்டு ரோட்ரிகஸ் அங்கே போய் ஆறு கச்சேரிகள் செய்தார். அந்தக் கச்சேரிகள் முடிந்ததும் அவர் டெட்ராய்ட்டுக்கு, அதே வீட்டுக்கு, அதே சம்மட்டிக்குத் திரும்பினார். 2013இல் அந்தப் படம் ஆஸ்கார் வாங்கியபோதும் விழாவுக்குப் போகவில்லை. புகழ் படத்தை எடுத்தவர்களுக்கே சேரட்டும் என்று இருந்துவிட்டார். 2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி, 81 வயதில் காலமானார்.

இப்படிப்பட்டவருக்கு இழைக்கப்பட்ட அநீதி ஒன்று உண்டென்றால் அது பணம் சம்பந்தப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் அவ்வளவு இசைத்தட்டுகள் விற்றும் அவர் கைக்கு ஒரு காசு வரவில்லை. விற்கிறது என்ற தகவலே வரவில்லை. உரிமைத் தொகை எங்கே போனது என்ற கேள்வி பிற்பாடு நீதிமன்றம்வரை போனது. புகழ் தாமதமாக வருவது விதி என்று விட்டுவிடலாம். கூலி வராமல் போவதை அப்படி விட முடியாது. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிதான் கிடைத்தது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது குடும்பத்தோடு செந்தூலுக்கு வந்தார். மதியச் சோற்றுக்குப் பிறகு, காலியான சிமெண்டுப் பையின் உள்தாளைக் கிழித்து அதில் பாட்டு எழுதுவார். பால்மரம், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களம், அம்மாவின் முக்காடு என்று சொந்த வாழ்க்கையையே எழுதுவார். மெட்டும் அவரே போடுவார். தொண்ணூறுகளில் அவருடைய பாட்டு ஒன்றை உள்ளூர் இசைப்பேழை நிறுவனம் ஒன்று வாங்கியது. ஒரே தடவையாகக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். ஒப்பந்தத் தாள் எதுவும் இல்லை. உறையில் பாடகர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் மட்டும் வந்தன. இன்றும் கல்யாண மண்டபங்களில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. எழுதியவர் பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், பக்கத்து இலைக்காரருக்குத் தெரியாது.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்கள் வாழ்நாளும், மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் உரிமை தருகிறது. வானொலியிலும் மேடையிலும் ஒலிக்கும் பாடல்களுக்குத் தொகை வசூலித்து எழுதியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு 1989இலிருந்து இருக்கிறது. படைப்பு தம்முடையதுதான் என்று மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதி 2012இல் வந்தது. இவ்வளவும் இருந்தும், எனக்குத் தெரிந்த தமிழ்ப் பாடலாசிரியர்களில் பெரும்பாலோருக்கு எந்தப் படிவம், எந்த அலுவலகம், எவ்வளவு கட்டணம் என்று சொல்ல ஆளில்லை. அவர்கள் படிக்கும் பத்திரிகை உங்களுடையது. நீங்கள் சொன்னால் போய்ச் சேரும்.

ஆகவே இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளூர்க் கலைஞர் பக்கத்தில் புதுப் பாடல்களை அறிமுகம் செய்யும்போது பாடகரின் படத்தோடு நிறுத்திவிடாமல், வரி எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களையும் தவறாமல் அச்சிடுங்கள். அந்தக் காலத்தில் வானொலி 6 என்ற நம் அரசாங்கத் தமிழ் வானொலியின் அறிவிப்பாளர்கள் பாடலாசிரியர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள்; கண்ணதாசனையும் வாலியையும் நாம் அறிந்தது அப்படித்தான். உள்ளூர்க்காரருக்கும் அந்த மரியாதை வேண்டும். மற்றொன்று, பாட்டைப் பதிவு செய்வது எப்படி, ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சட்டம் தெரிந்த ஒருவரிடம் எளிய தமிழில் கட்டுரை வாங்கிப் போடுங்கள்.

அந்த அண்ணனை நேரில் சந்தித்து எழுத உங்கள் நிருபர் விரும்பினால் நானே அழைத்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு வேலை இல்லை. பாட்டு எழுதிய தாள்களையெல்லாம் அவர் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறார். எடுத்து வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
செந்தூல், கோலாலம்பூர்.