தலையாட்டிய அம்மாவைப் புரிந்துகொண்டவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அம்மா பத்திரமாகப் போய் இறங்கிவிட்டார். தனிமைப்படுத்தலும் முடிந்துவிட்டது. நேற்று இரவு அண்ணி வீடியோ அழைப்பில் காட்டினார். அண்ணனின் கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். அண்ணன் தானாக மூச்சு விடுகிறார், பேசுகிறார், அம்மாவிடம் திட்டும் வாங்குகிறார். இந்தக் கொரோனா நேரத்தில் அம்மா ஏன் விமானம் ஏற வேண்டியிருந்தது, அதற்கு முந்தைய வாரங்கள் எப்படிப் போயின என்பதெல்லாம் இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியையாவது சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் தெரிந்தவர்களிடம் தனித்தனியாகப் பேசிவிட்டேன். பெயர் தெரியாதவர்கள்தான் அதிகம். 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் கொரோனா பரிசோதனை முடிவு வேண்டும், அதுவும் மாதிரி எடுத்த நேரத்திலிருந்து கணக்கு என்று நாங்கள் பதறியபோது, ஆய்வகத்தில் காத்திருந்து முடிவை அச்சிட்டு முத்திரையும் வைத்துக் கொடுத்த தம்பி. அம்மாவின் செல்பேசியில் திறக்கவே மறுத்த சுகாதாரப் படிவத்தைத் தன் செல்பேசியில் நிரப்பி, கியூஆர் கோடை எனக்கு அனுப்பிய சக பயணி. பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு டிரேயையும் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவர்கள். போய் இறங்கிய இடத்தில் அம்மாவின் மூக்கில் குச்சியை விடுவதற்கு முன், தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, விரல்களால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிய நர்ஸ். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியவர்கள்தான் நீங்கள் எல்லோரும். ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி வேறொருவருக்கு. புறப்பட்ட விமான நிலையத்தின் சுகாதாரச் சோதனை மேசையில் அன்று வேலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு.

அம்மாவுக்குக் காது கேட்பது குறைவு. காது மெஷின் போட்டிருக்கிறார். அப்படியும் பாதியைக் காதாலும் மீதியை எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தும்தான் அவர் கேட்பார். 2020இல் எல்லோரும் முகக்கவசம் மாட்டியதும் அந்த மீதி பறிபோயிற்று. காது மருத்துவமனையில் விசாரித்தபோது விவரமாகச் சொன்னார்கள். சாதாரண முகக்கவசம் பேச்சின் உயர்ந்த அலைவரிசைகளில் 3, 4 டெசிபெல் வரை குறைத்துவிடும். என்95 என்றால் 12 டெசிபெல் வரைகூடப் போகும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுகிற மெய்யொலிகள் பல இருப்பதே அந்த அலைவரிசைகளில்தான். அப்புறம், 1 மீட்டர் தள்ளி நின்று பேசுபவர் 2 மீட்டருக்கு நகர்ந்தால் அதில் ஒரு 6 டெசிபெல் போகும். நடுவில் அக்ரிலிக் தடுப்பு. அதற்கு மேல் ஃபேஸ் ஷீல்டு. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அண்ணனைப் பார்த்த பிறகு அந்தக் காரணத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இத்தனையும் சேர்ந்து ஒரே ஆளின் காதில் வந்து விழும்போது அந்த ஆள் என்ன செய்வார் என்று யோசித்து மேசை போட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

அம்மா என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும். தலையாட்டுவார். காது கேட்காதவர்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மூன்றாவது முறையும் "என்ன?" என்று கேட்க வெட்கப்பட்டு, எதிரே இருப்பவரின் முகம் கோணாமல் இருக்க ஒரு புன்னகையோடு தலையாட்டிவிடுவார்கள். வீட்டில் அது வேடிக்கை. சுகாதார மேசையில் அப்படி இல்லை.

நான் கூடவே போயிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அப்போது பயணிகளைத் தவிர யாருக்கும் முனையத்துக்குள் அனுமதி இருக்கவில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2020 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதலே கூட்டத்தைக் குறைக்க இப்படித்தான் சொன்னது. மாற்றுத்திறனாளிகளுக்குத் துணையாக வருபவரை விடலாம் என்ற விலக்கும் அதில் இருந்தது. சக்கர நாற்காலி இருந்தால் அந்த விலக்கு தானாகவே நினைவுக்கு வரும். காது கண்ணுக்குத் தெரிவதில்லையே. வாசலில் நின்ற காவலர் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே நடக்கிறார்?" என்றார். சரி, அவரிடம் வாதாட நேரமில்லை.

விமானத்துக்குள்ளே இருக்கும் காற்றைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. நவீன ஜெட் விமானங்களில் 2, 3 நிமிடங்களுக்கு ஒரு முறை காற்று முழுவதும் மாறிவிடும். திரும்பச் சுற்றிவரும் காற்றும் ஹெப்பா என்கிற நுண்துகள் வடிகட்டி வழியாகத்தான் வரும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில்கூட 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும் என்று படித்திருந்தேன். என் பயமெல்லாம் அதற்கு முன்னால் இருந்த மேசைகளும் வரிசைகளும் அறிவிப்புகளும்தான்.

பயந்ததுபோலவே நடந்தது. நான் வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும்போது செல்பேசி அடித்தது. அம்மாவின் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். எதிர்முனையில் ஒரு பெண் குரல்: "உங்கள் அம்மாவுக்குக் காது கேட்காதா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடந்த 14 நாட்களில் காய்ச்சல் இருந்ததா என்று கேட்டிருக்கிறார். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறார். இருமல்? அதற்கும் தலையாட்டல். தொற்று உள்ளவரோடு இருந்தீர்களா? அதற்கும். பக்கத்தில் இருந்தவர் உடனே அம்மாவைத் தனி அறைக்கு அழைத்துப்போக எழுந்துவிட்டாராம். போயிருந்தால் விமானம் தவறியிருக்கும். அந்த வாரம் அடுத்த விமானம் இல்லை. இந்தப் பெண் மட்டும் ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அதே தொனியில் இன்னொரு கேள்வி கேட்டிருக்கிறார். "இன்று செவ்வாய்க்கிழமைதானே?"

அன்று சனிக்கிழமை. அம்மா தலையாட்டினார்.

"அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் பாட்டியும் இப்படித்தான்" என்றார் அந்தப் பெண்.

கேள்விகளுக்கான உண்மையான பதிலை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வெப்பமானியும் பரிசோதனை முடிவும் சரியாகத்தான் இருந்தன, பின்னால் வரிசையும் நீண்டிருந்தது. முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் கத்தியிருக்கலாம். பலரும் அதைத்தான் செய்தார்கள், அதுதான் ஆபத்து. அவர் இரண்டையும் செய்யவில்லை. காலிப் படிவம் ஒன்றைத் திருப்பிப்போட்டு, தடித்த மார்க்கரால் அந்த மூன்று கேள்விகளையும் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். அம்மா படித்துப் பதறி, மூன்றுக்கும் இல்லை இல்லை என்று கையை ஆட்டினாராம்.

இன்னொரு காலிப் படிவத்தில் அதற்கு மேல் வரப்போகும் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். அம்மா அதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார், பார்த்துத்தான் எழுதுகிறேன். "அடையாள அட்டை பார்ப்பவர் கையால் சைகை காட்டுவார். முகக்கவசத்தை ஒரு நொடி இறக்கி, உடனே ஏற்றிக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸை நீங்களே கண்ணாடி மேல் வையுங்கள், யாரும் வாங்க மாட்டார்கள். காது மெஷினைக் கழற்ற வேண்டாம், மெஷின் என்று காட்டினால் போதும். குறுக்குக் கோடு ஒட்டிய நாற்காலியில் உட்காராதீர்கள். அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள், பின்வரிசைக்காரர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், உங்கள் வரிசை எண் பலகையில் வந்ததும் எழுந்து போங்கள்." கடைசியில் அடிக்கோடிட்ட ஒரு வரி: "புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். இந்தத் தாளைக் காட்டுங்கள்."

இத்தனைக்கும் அவருடைய வேலை அந்த மேசையோடு முடிகிறது. அதற்கு அப்பால் நடப்பதற்கு அவர் பொறுப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. முகக்கவசத்தின் பட்டையும் காது மெஷினும் ஒரே காதில் தொங்குவதால், கவசத்தை இறக்கி ஏற்றும்போதெல்லாம் மெஷின் கழன்று விழும். வீட்டில் சோபாவுக்கு அடியில் தேடி எடுத்துவிடலாம், விமான நிலையத் தரையில் எங்கே தேடுவது? அதையும் அவர் கவனித்திருக்கிறார். இரண்டு பட்டைகளையும் பின்னந்தலையில் இணைக்கிற சின்ன பிளாஸ்டிக் கொக்கி ஒன்றை எடுத்து, சானிடைசரில் துடைத்து, மேசையில் வைத்துத் தள்ளியிருக்கிறார். நாள் முழுக்கக் கவசம் போட்டுக் காது புண்ணாகிவிடுவதால் தனக்காக வாங்கி வைத்திருந்தது. அதை அம்மா பயணம் முடியும்வரை கழற்றவே இல்லை.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. அம்மாவுக்கு முகமும் தெரியாது. ஃபேஸ் ஷீல்டுக்குப் பின்னால் பச்சைக் கவசம், கண்ணாடி, அவ்வளவுதான். நாளைக்கே எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடுவோம். அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். யாராவது இதை அவர் கண்ணில் படும்படி செய்தால் புண்ணியம்.

இது எங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைவு இருக்கிறது என்று உலகச் சுகாதார அமைப்பு 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்கு. ஒவ்வொரு விமானத்திலும் சிலராவது இருப்பார்கள், தலையாட்டிக்கொண்டு. சுகாதாரக் கேள்விகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஓர் அட்டை, ஒரு மார்க்கர், அந்த மேசையில் மட்டும் உட்காருபவருக்கு வாய் தெரிகிற கண்ணாடி முகக்கவசம். பெரிய செலவு இல்லை. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காகச் சூரியகாந்திப் படம் போட்ட கழுத்துப் பட்டை ஒன்று 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி, இப்போது பல நாட்டு விமான நிலையங்களில் இருப்பதும் பிறகுதான் தெரிந்தது. கேட்டால் தருவார்கள். அம்மாவிடம் சொன்னேன். "நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, கழுத்தில் மாட்டிக்கொள்ள?" என்று பதில் வந்தது. மாட்டவைப்பது என் பொறுப்பு.

அந்தத் தாளில் இருந்ததை அதே வரிசையில், பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். காது கேட்காத பெரியவர்களைத் தனியாக அனுப்பவேண்டிய நிலையில் இருப்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். விதிகள் மாற மாறத் திருத்தியும் வைப்பேன். யார் கேட்டாலும், எத்தனை வருஷம் ஆனாலும் இதைச் செய்வதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மடலை அனுப்புமுன் அம்மாவிடம் காட்டினேன். அண்ணன் தூங்கும் நேரத்தில் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார்: "எல்லாம் சரி. ஆனால் அன்றைக்குச் சனிக்கிழமை என்று எனக்குத் தெரியாமல் இல்லை, அதை அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடு."