ஓடிபி வந்துவிட்டதா, ஆன்ட்டி?

அன்புள்ள செல்வி,

உன் கடைசி மெசேஜுக்குப் பதில் போடாமல் மாதக்கணக்கில் இழுத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. வாட்ஸாப்பில் கட்டைவிரலால் தட்டினால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் ஓடாது என்று உனக்குத் தெரியும், அதனால்தான் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன். இங்கே டர்பனில் எல்லாரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, ஆனாலும் ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருகிற அந்த பன்னி சோவை விட மாட்டேன் என்கிறார். கேப்டனுக்கு இன்னும் அதே கார், அதே ஹாரன். டோலி அக்கா உன்னைக் கேட்டார், சமோசா கணக்கு அவர் பக்கத்தில் இன்னும் தீரவில்லையாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கிளை நூலகத்தில் தமிழ் அலமாரியை எடுத்துவிட்டார்கள்.

ஜன்னல் ஓரமாக இருந்ததே, நீ எப்போதும் தூசி தட்டிவிட்டுத் தும்முவாயே, அதுதான். ஒருநாள் உள்ளே நுழைகிறேன், புத்தகங்கள் எல்லாம் வாசலில் ஒரு தள்ளுவண்டியில் கிடக்கின்றன, எதை எடுத்தாலும் ஐந்து ரேண்ட் என்று அட்டை வேறு. அலமாரி இருந்த இடத்தில் நீள மேசை, அதன் அடியில் வரிசையாக பிளக் பாயிண்ட். பிள்ளைகள் போனைச் செருகிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. நேராகக் கவுண்டருக்குப் போய் நின்றேன். அந்தப் பெண் (புதியவள், உனக்குத் தெரியாது, நல்ல பெண்தான்) ஒன்றும் பேசாமல் வண்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தேதிச் சீட்டைத் திறந்து காட்டினாள். கடைசி முத்திரை 1998. இன்னொன்றை எடுத்தாள், அது அதற்கும் முந்தியது. நான் அதோடு வாயை மூடிக்கொண்டு திரும்பியிருப்பேன் என்று நினைத்தால் நீ என்னோடு பழகியதே வீண். படிக்கிற ஆள் இல்லையென்றால் ஆளைத் தேடிப் பிடிப்பதும் உங்கள் வேலைதானே என்றேன். அவள் சிரித்துவிட்டு, "தேடிப் பிடிக்க யார் இருக்கிறார்கள் ஆன்ட்டி, நாங்கள் இரண்டு பேர்தான், இங்கே வந்து பாருங்கள்" என்று கணினிகள் இருக்கிற மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். இப்போது வாரத்தில் சில காலை நேரம் என் இருப்பு அந்த மூலையில்தான். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. தள்ளுவண்டிப் புத்தகங்களையும் வாரிக்கொண்டு வந்துவிட்டேன். உறுப்பினர் அட்டை எப்போது தருவாய் என்று இவர் கேட்கிறார்.

அந்த மூலையில் என்ன நடக்கிறது என்று உனக்குச் சொன்னால்தான் எனக்கு மனது ஆறும். புத்தகம் எடுக்க வருகிறவர்கள் கொஞ்சம்தான், பெரும்பாலும் குழந்தைகளும் அவர்களைக் கூட்டி வரும் பாட்டிகளும். மற்றவர்கள் எல்லாம் ஏதோ ஒரு படிவத்துக்காக வருகிறார்கள். அரசு வேலை என்றால் இசட் 83 படிவம், அதோடு சி.வி. பிரிண்ட். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு உதவித்தொகை விண்ணப்பம். வேலை இல்லாதவர்களுக்கு 2020 மே மாதம் கொரோனாவின்போது ஆரம்பித்த அந்த 350 ரேண்ட் மாத உதவித்தொகை (இப்போது 370), அதற்கு விண்ணப்பிப்பதே இணையத்திலும் போனிலும்தான். வீட்டிலேயே செய்யக் கூடாதா என்பாய். டேட்டா விலையை மறந்துவிட்டாயா? ஒரு ஜிபி 149 ரேண்ட் விற்றது. வணிகப் போட்டி ஆணையம் விசாரித்துக் கண்டித்த பிறகுதான் 2020 ஏப்ரலில் பெரிய கம்பெனிகள் 99 ஆக்கின. உதவித்தொகையே 370 என்றால் அதிலிருந்து எடுத்து யார் டேட்டா போடுவார்கள்? நூலகத்தில் வைஃபை இலவசம், அதனால் இங்கே வருகிறார்கள். மெட்ரிக் பரீட்சை நெருங்கிவிட்டால் நாற்காலிக்கு அடிதடி. யாரும் நம் புத்தகத்தைத் தொடுவதில்லை, அவரவர் நோட்ஸ், அவரவர் போன், பழைய வினாத்தாள் பிரிண்ட். வீட்டில் ஏழு பேர் இருக்கும்போது படிக்க ஒரு மேசை வேண்டுமே.

நீயும் மதுரைப் புதுநத்தம் சாலையிலிருந்து படம் அனுப்பினாய், ஞாபகமிருக்கிறதா, கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023-ல் திறந்தது, ஏசி, லிஃப்ட் என்று ஒரே பெருமை. கீழே ஒரு வரி வேறு: எல்லாம் போனில் வந்தாயிற்று, இனி நூலகம் என்பது ஏசி போட்ட அருங்காட்சியகம்தான் என்று. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாரடி. உனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள், சொந்தப் புத்தகத்தைப் பையில் கொண்டுவந்து படிக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு யார் போவார்கள்?

கேப்டன் கதையைச் சொன்னால் சிரிப்பாய். அவர் நூலகத்துக்குள் வருவதில்லை. வெளியே காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, உள்ளேயிருந்து வரும் வைஃபையில் கிரிக்கெட் பார்க்கிறார். மூடின பிறகும் அவர் மாதிரி நாலைந்து கார் நிற்கும். ஏன் உள்ளே வந்து உட்காரக் கூடாது என்று கேட்டேன். அவர் சிறுவனாக இருந்தபோது சிட்டி ஹால் நூலகத்தில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் இடம். 1953-ல் போட்ட தனி வசதிகள் சட்டத்தை 1990-ல்தான் எடுத்தார்கள். "அன்றைக்கு அவர்கள் விடவில்லை, இன்றைக்கு நான் வரவில்லை" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

டோலி அக்கா நேர் எதிர். உள்ளே வந்தால் மூடும்வரை கிளம்ப மாட்டார். இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இந்திய அரசு தருகிற ஓசிஐ அட்டை வாங்க வேண்டுமாம், அதற்குக் கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்த ஆதாரம் வேண்டும். 1860-லிருந்து 1911 வரை நம் டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர், ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அந்தக் கப்பல் பட்டியல்கள் இப்போது கணினியில் தேடுகிற மாதிரி கிடைக்கின்றன. ஆனால் தேடுவது லேசில்லை. எந்தக் குமாஸ்தா எந்த ஊர்ப் பெயரைக் காதில் எப்படி வாங்கினானோ, முனுசாமிக்கே அத்தனை எழுத்துக்கூட்டல். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்து ஒருவழியாகக் கொள்ளுப்பாட்டியைப் பிடித்தோம், கொள்ளுத்தாத்தா இன்னும் சிக்கவில்லை. வயது, அப்பா பெயர், சாதி, ஜில்லா, கிராமம், உயரம் கூட இருக்கிறது. உடல் அடையாளம் என்ற கட்டத்தில் இடது புருவத்தில் தழும்பு என்று எழுதியிருந்தது. அக்கா தன் புருவத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா?

அந்தப் பெண் இன்னொன்று சொன்னாள், மின்னூல் சமாச்சாரம். காகிதப் புத்தகம் வாங்கினால் அது கிழியும்வரை நூலகத்துடையது. மின்னூல் அப்படியில்லை, உரிமம்தான், வாடகை வீடு மாதிரி. 2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ் ஒரு மின்னூலை 26 தடவை இரவல் கொடுத்தால் நூலகம் மறுபடி வாங்க வேண்டும் என்று விதி போட்டதாம். அந்தக் கணக்கு நம் தமிழ் அலமாரிக்கு இருந்திருந்தால் ஒரு புத்தகம் நூறு வருஷம் ஓடியிருக்கும். சிரிக்காதே. மதுரைத் திட்டத்துக்காரர்கள் 1998-லிருந்து தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள், நம் பழைய இலக்கியம் அதில் நிறையக் கிடைக்கிறது, அதனால் தமிழே போயிற்று என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால் போனில் இருப்பதை யாரும் தற்செயலாகக் கையில் எடுப்பதில்லை. ஜன்னல் ஓரம் தும்மப் போனவள்தானே நீ, தும்மினாலும் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாய்.

ஜோகன்னஸ்பர்க் மைய நூலகத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. 1935-ல் திறந்த கட்டடம், கொரோனா காலத்தில் அடைத்தவர்கள், தீப்பாதுகாப்பு சரியில்லை, பழுது பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் பூட்டியே வைத்திருந்தார்கள். ஜனங்கள் வாசலில் நின்று போராடி, 2025-ல்தான் ஒரு பகுதியைத் திறந்தார்கள். தேதிச் சீட்டைக் காட்டி ஓர் அலமாரியை எடுப்பது எனக்குப் புரிகிறது. கட்டடத்தையே பூட்டினால் இசட் 83 எங்கே போகும்?

இப்போது என்னை உறுத்துகிற விஷயம். இதை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

எந்தப் படிவமாக இருந்தாலும் நடுவில் ஓடிபி கேட்கும். எழுபது வயது அம்மாவிடம் போன் இருக்கும், ஏர்டைம் முடிந்து எப்போதோ நம்பரே செத்திருக்கும், அல்லது அந்த சிம் மகனிடம் இருக்கும், மகன் கேப் டவுனில் இருப்பான். அவனுக்குக் கூப்பிட்டு, அவன் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்து மறுபடி முதலிலிருந்து. அந்த மூலையில் நாள் பூரா கேட்கிற வாக்கியம் "ஓடிபி வந்துவிட்டதா, ஆன்ட்டி?" என்பதுதான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடையாள எண் பதின்மூன்று இலக்கம், அதைச் சத்தமாகச் சொல்கிறார்கள். காது கேட்காதவர்கள் இன்னும் சத்தமாக. வங்கிக் கணக்கு எண், பாஸ்வேர்ட், விவாகரத்து ஆன தேதி, எந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது வரை. பிளக் பாயிண்ட் மேசை முழுக்கக் கேட்கிறது. சுவரில் போபியா சட்டம், 2021 ஜூலையிலிருந்து தனிநபர் தகவலைக் காக்க வேண்டும் என்று அழகாக ஒட்டியிருக்கிறது, அதன் அடியில் நின்றுகொண்டுதான் இத்தனையும். பாதிப் பேர் வெளியேறும்போது லாக் அவுட் செய்வதில்லை. அடுத்தவர் உட்கார்ந்தால் முந்தியவரின் மெயில் விரிந்து கிடக்கிறது.

ஊழியர்கள் யாருக்கும் பாஸ்வேர்ட் அடித்துத் தரக் கூடாது என்று விதி. நியாயமான விதிதான். ஆனால் மவுஸைப் பிடிக்கவே கை நடுங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஊழியர் அல்லாத கமலா ஆன்ட்டியிடம் வருகிறார்கள். "பாஸ்வேர்ட் ஆன்ட்டியிடம் இருக்கிறது" என்று வீட்டில் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்! என் நோட்டில் எத்தனை பேருடையது இருக்கிறது தெரியுமா, இரவில் அதை அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்கிறேன். நாளைக்கு ஒருவருடைய 370 ரேண்ட் காணாமல் போனால் முதலில் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? என்னைக் கண்டால் கும்பிடுகிற அதே அம்மாதான் பார்ப்பார். விட்டுவிடு என்கிறார் இவர். விட்டால் அந்த அம்மா வாசலில் நிற்கிற ஏதாவது பையனிடம் போவார், அவன் ஐம்பது ரேண்ட் கேட்பான், பாஸ்வேர்டும் அவனிடம் போகும்.

ஒரு கதவு போட்ட சின்ன அறை, அங்கே உட்கார்ந்து செய்து தருவதற்கென்றே பொறுப்பான ஓர் ஆள், நான் கேட்பது இவ்வளவுதான். அலுவலகங்களெல்லாம் கவுண்டரை மூடிவிட்டு இணையத்தில் பார் என்று அனுப்புகிறார்கள், அனுப்பின ஜனம் எல்லாம் நூலகத்தில் வந்து நிற்கிறது, கூடவே ஒரு ஆளையோ ஒரு காசையோ அனுப்பினார்களா? நூலகவியலுக்கே அடித்தளம் போட்ட சீர்காழி ரங்கநாதன் 1931-லேயே வாசகரின் நேரத்தைச் சேமி என்று ஒரு விதி எழுதினார். எங்கள் வாசகர்களின் நேரம் ஓடிபி வருவதற்குள் போய்விடுகிறது. கடிதம் எழுதிக் கொடு, நான் மேலே அனுப்புகிறேன் என்றாள் அந்தப் பெண். எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே மதுரையில் இதற்கெல்லாம் எப்படி ஏற்பாடு, தனி அறை ஏதாவது இருக்கிறதா, ஒரு நடை போய் விசாரித்து எழுது. சும்மா லிஃப்ட்டைப் படம் எடுக்காதே.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பிளக் பாயிண்ட் மேசையில் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் எனக்குத் தருகிறேன் என்றிருக்கிறாள், குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தர. நம் வார இறுதிப் பள்ளிக்கு நீ தட்டச்சு செய்தாயே, படம் போட்ட பாடத்தாள்கள், அதை அப்படியே பிரிண்ட் எடுத்துவிடலாம். ஆனால் அது உன் பழைய யாஹூ மெயிலில் இருக்கிறது. பாஸ்வேர்ட் மறந்திருப்பாய், மறந்தால் ஓடிபி உன் பழைய டர்பன் நம்பருக்குத்தான் போகும். அந்த சிம்மை என்ன செய்தாய்? கிளம்புகிற அன்றைக்கு டோலி அக்காவிடம் கொடுத்ததாக எனக்கு ஒரு ஞாபகம். அவரைக் கேட்டால் முதலில் சமோசா கணக்கைத் தீர்க்கச் சொல்கிறார். எவ்வளவு என்று எழுது, நான் கொடுத்துவிடுகிறேன்.

கமலா
டர்பன்