மலையிலேயே ஆபரேட்டர் பயிற்சி வேண்டும்

நீலகிரி மாவட்டத் தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பேற்றுள்ள அதிகாரிகளுக்கு, கோத்தகிரியிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது.

10ஆம் வகுப்பு தேறிய என் மகளை அழைத்துக்கொண்டு கடந்த வாரம் ஐ.டி.ஐ. சேர்க்கைக்குச் சென்றிருந்தேன். அவள் கேட்டது, ஆலை இயக்கத்தைக் கற்றுத்தரும் அட்டெண்டன்ட் ஆபரேட்டர் (கெமிக்கல் பிளாண்ட்) என்னும் 2 ஆண்டுப் பயிற்சி. அந்தப் பிரிவு இங்கில்லை, கீழே போய்ப் பாருங்கள் என்ற பதிலோடு, பெண் பிள்ளைக்கு ஆலை வேலை எதற்கு என்ற அறிவுரையும் கிடைத்தது. பதிலைவிட அறிவுரைதான் வலித்தது.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் டிரையர் என்னும் உலர்த்தும் இயந்திரத்தை ஓட்டியவன். தூளின் ஈரம் ஏறத்தாழ 3 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். கூடினால் இருப்பில் கெட்டுப்போகும், தீய்ந்தால் வாசனையே மாறிவிடும். மழைக்காலத்தில் இலை சரியாக வாடாமலே வந்து சேரும் என்பதால், வெப்பமானியைப் பார்ப்பதோடு நிற்காமல், வெளியே விழும் தூளை ஒரு பிடி அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்து, உள்ளே போகும் வேகத்தைக் குறைப்போம். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபின் வேலை கேட்டுப் போன இடத்தில் முதலில் கேட்டது சான்றிதழைத்தான். இல்லை என்றதும் ஹெல்பர் கூலிக்கு எடுத்துக்கொண்டார்கள். டிரையருக்குப் பத்தடி தள்ளி இன்று நான் மூட்டை தைக்கிறேன். தீயும் வாடை வந்தாலும் அதில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை.

என் மகளுக்கு இந்த நிலை வரக் கூடாது என்பதால்தான் கேட்கிறேன்: இந்தப் பயிற்சியை எங்கள் மலையிலேயே தொடங்குங்கள். அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை ரசாயனப் பணியாளர் வேலைக்குக் கேட்பது இந்தப் படிப்பைத்தான். செய்முறைக்குத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உதவித்தொகையோடு பழகுநராகச் சேர்க்க 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் இருக்கிறது.

கோடை விழாவுக்குச் சாலையோரமெல்லாம் வண்ணம் பூசக் காட்டும் அக்கறையில் பாதி, இங்கே பிறந்த பிள்ளைகளின் தொழில்மேல் இருக்கக் கூடாதா? விடுதியில் அறை பெருக்குவதும் சுற்றுலா வண்டி ஓட்டுவதும் மட்டும்தான் எங்களுக்கு எழுதிவைத்த வேலையா? வருத்தத்தில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

அடுத்த சேர்க்கைக்குள் ஒரே ஒரு வகுப்பையாவது தொடங்கி, அதில் பெண்களுக்கும் இடம் உண்டு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். மகளின் விண்ணப்பம் நிரப்பியபடியே வீட்டில் இருக்கிறது. அறிவிப்பு வந்த மறுநாளே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு டிரையர் ஆபரேட்டர், கோத்தகிரி